சரிவும் முன்பாரமும்



என் இளமைப் பருவத்தில், திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எட்டுப் பத்துப் பேர் ஒரே கூண்டு வண்டியில் ஏறி அமர்ந்த மாத்திரத்தில் வண்டிக்காரர் மாட்டை அதட்டிவிட மாட்டார்; நுகத்தடியருகே நின்று, அது காளைகளின் கழுத்தில் எப்படிப் படிந்திருக்கிறது என்று ஒரு கணம் நோட்டம் பார்த்துவிட்டு, "பின்பாரமா இருக்குதுங்க; பெரியவரு கொஞ்சம் முன்னாலே தள்ளி உக்காருங்க" என்பார். பெரியவர் என்று அவர் சொன்னது வயதை உத்தேசித்து அன்று, சரீரத்தை உத்தேசித்தே என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் யாரும் சிரிப்பதில்லை. பின்பாரத்தோடு புறப்பட்ட வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறும்போது நுகம் மேலெழும்பி, பூட்டாங்கயிறு காளைகளின் தொண்டையை இறுக்கி, அடுத்த கணம் வண்டி குடை சாய்ந்துவிடும் என்பதை அறியாதவர் அக்காலத்தில் இல்லை. எல்லோரும் முன்னாலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டாலோ, பாரம் முழுவதும் காளைகளின் கழுத்தில் இறங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் புண் கண்டுவிடும். முன்பாரம், பின்பாரம் என்ற இந்த இரண்டு சொற்களுக்குள் யந்திர சாஸ்திரத்தின் ஓர் அத்தியாயமே அடங்கிக் கிடக்கிறது. அந்த அத்தியாயத்தை டிராக்டரின்மேல் வைத்து இன்று சற்று விஸ்தரிக்க உத்தேசிக்கிறேன்.

மேட்டுச் சரிவில் புல் வெட்டும் டிராக்டரின் மூக்கில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவது பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவன். வட அயர்லாந்தில் டவுன் என்னும் கவுண்டியில் ஒரு கோடைக்காலத்தில் சில வாரங்கள் ஒரு குடியானவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோதுதான் அந்த எண்ணம் என்னைவிட்டு அகன்றது. டவுன் என்ற பெயரைக் கொண்டு அதை நகரம் என்று நினைத்துவிட வேண்டாம்; அது முழு நாட்டுப்புறம். பனியுகத்தில் நகர்ந்து சென்ற பனிப்பாளங்கள் தமக்கு அடியில் விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் சிறு சிறு குன்றுகளாகக் குவிந்து, ஒரு கூடையில் முட்டைகளை அடுக்கிவைத்தாற்போல அடுத்தடுத்து நிற்கும் பிரதேசம். டிரம்லின் என்று புவியியலார் வழங்கும் அந்தக் குன்றுகளின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருப்பது வழக்கம். அவற்றின்மேல் பசும்புல், புல்லின் நடுவே, ஈரம் தங்கும் இடங்களில் கோரையும், மற்ற இடங்களில் முட்செடியும். ஆடுமாடுகள் தீண்டாத அந்தக் கோரையையும் முள்ளையும் ஆண்டுதோறும் கோடையில் வெட்டித் தள்ளாவிட்டால் இரண்டு மூன்று வருஷங்களில் மேய்ச்சல் நிலம் மேய்ச்சல் நிலமாக இராது. அதற்கென்று டிராக்டரின் பின்னால் மாட்டும் சுழல்கத்தி யந்திரத்தை அவர்கள் 'டாப்பர்' என்கிறார்கள்.

நமது விஷயத்துக்கு அந்தக் கவுண்டியோடு வேறொரு சம்பந்தமும் உண்டு. இன்று உலகமெங்கும் டிராக்டரின் பின்னால் கலப்பையையும் மற்றக் கருவிகளையும் மாட்டுகிறோமே, அந்த முப்புள்ளி இணைப்பை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் அந்தக் குன்றுகளுக்கிடையில்தான், டிரோமோர் என்னும் ஊருக்கு அருகே, 1884ஆம் ஆண்டில் ஒரு குடியானவரின் மகனாகப் பிறந்தார். மோட்டார் வண்டி, விமானம் என்று யந்திரங்களின்மேல் மோகம் கொண்டு, தாமே விமானம் ஒன்றைக் கட்டி, 1909 டிசம்பர் 31ஆம் தேதி அதில் பறந்து, அயர்லாந்து மண்ணில் முதன்முதலாக விமானம் செலுத்தியவர் என்ற பெயரும் எடுத்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில், அயர்லாந்தில் அப்போது புழங்கிய டிராக்டர்களைச் செவ்வனே வேலைவாங்குவதற்கு வழிசொல்லும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று அவர் கண்ட காட்சி அவரைச் சிந்திக்க வைத்தது: டிராக்டர் ஒன்று, கலப்பை ஒன்று, நடுவே ஒரு சங்கிலி. மாட்டுக்குப் பதிலாக யந்திரம் வந்ததே தவிர, இழுக்கும் முறை மாறவில்லை.

இந்த முறையில் ஒரு பெரும் அபாயம் ஒளிந்திருந்தது. 1917இல் ஹென்றி ஃபோர்டு பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டர் லேசானது, மலிவானது. ஆகவே குடியானவர்கள் விரும்பி வாங்கினார்கள். உழுதுகொண்டே போகும்போது கலப்பை ஒரு பாறையிலோ மரவேரிலோ சிக்கி நின்றுவிட்டால், பின்சக்கரங்களும் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் நிற்காது. அந்தச் சக்தி சக்கரத்தைச் சுழற்ற முடியாமற்போனால் எதையாவது சுழற்றித்தானே ஆக வேண்டும்? பின்னச்சைச் சுற்றி டிராக்டரின் உடலையே அது சுழற்றிவிடும். முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும். ஓட்டுபவர் மல்லாந்து விழ, அவர்மேல் யந்திரம் விழும். குடியானவர் பலர் இவ்விதம் உயிரிழந்தார்கள். நம் ஊர் வண்டிக்காரர் சொல்லும் குடை சாய்தலேதான் இது. ஆனால் மாட்டுவண்டியில் குதித்துவிட அவகாசம் உண்டு. இங்கே, முன்சக்கரம் எழுந்த கணத்திலிருந்து இனி மீட்க வழியில்லை என்ற நிலையை டிராக்டர் எட்டுவதற்கு முக்கால் விநாடிதான் ஆகும் என்று பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வார்கள். முக்கால் விநாடியில் மனிதன் ஆச்சரியப்பட்டு முடிக்கவும் மாட்டான். கிளட்சை மிதிப்பது எங்கே?

ஃபெர்குசன் செய்தது என்னவென்றால், சங்கிலியை எறிந்துவிட்டு, கலப்பையை இரண்டு கீழ்த்தண்டுகளாலும் ஒரு மேல்தண்டாலும் டிராக்டரோடு ஒரே உடலாக இணைத்தார். கலப்பை மண்ணில் சிக்கினால், அது முன்னால் கவிழப் பார்க்கும்; அப்போது மேல்தண்டு டிராக்டரை முன்னோக்கித் தள்ளும்; அந்தத் தள்ளல் முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். எந்த விபத்து டிராக்டரை மல்லாக்கப் பார்த்ததோ அதே விபத்தின் விசையைக் கொண்டே அதனைக் குப்புற அழுத்திப் பிடிக்கச் செய்த யுக்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1936இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரும், 1938இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில்லாமல் கைகுலுக்கி ஏற்படுத்திக்கொண்ட ஒப்பந்தத்தின் பயனாக அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் ஒரு டிராக்டரும், 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் டி.இ.20 என்ற சாம்பல் நிறச் சிறு டிராக்டரும் இந்த அமைப்போடு வெளிவந்தன. கடைசியில் சொன்னது மட்டும் பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எழுத்தில்லாத ஒப்பந்தம் வழக்கில் போய் முடிந்தது என்பது வேறு கதை; அதை வக்கீல்களின் சபையில் பேசிக்கொள்ளலாம். ஃபெர்குசன் காலமான 1960ஆம் ஆண்டிலேயே, மாஸி ஃபெர்குசன் கம்பெனியின் கூட்டுறவோடு நமது சென்னையில் 'டாஃபே' என்ற டிராக்டர் ஸ்தாபனம் தொடங்கியது என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். நம் வயல்களில் ஓடும் சிவப்பு டிராக்டர்கள் பலவற்றுக்கு அந்த அயர்லாந்துக் குன்றுகளில் ஒரு பூர்வீகம் உண்டு.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஃபெர்குசனின் யுக்தி கலப்பைக்கு உரியது. மண்ணுக்குள் இறங்கி, மண்ணால் பின்னுக்கு இழுக்கப்படும் கருவிக்கு உரியது. புல்வெட்டி அப்படிப்பட்டதன்று. அது மண்ணுக்குள் இறங்குவதில்லை. அதைப் பின்னுக்கு இழுப்பாரும் இல்லை. வெட்டும்போது தன் சறுக்குக் கட்டைகளின்மேலோ சிறு சக்கரத்தின்மேலோ பாரத்தின் ஒரு பகுதியை இறக்கிவைத்துக்கொண்டு சாதுவாகப் பின்தொடர்ந்து வரும். வரிசை முடிந்து திரும்புவதற்காக ஹைட்ராலிக் நெம்புகோலைத் தொட்டு அதைத் தூக்கிய கணத்தில், முழுப் பாரத்தோடும் டிராக்டரின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. கலப்பைக்குத் துணைநின்ற அந்த மேல்தண்டு இப்போது தள்ளுவதற்குப் பதிலாக இழுக்கிறது. மல்லாக்கும் விசையை வென்ற அமைப்பே, வேறொரு கருவியை மாட்டிய மாத்திரத்தில், மல்லாக்கும் விசைக்குக் கைகொடுக்கிறது. கருவியைத் தூக்கிச் செல்லும் வசதியைப் பெற்றபோது அதற்குரிய விலையையும் கூடவே பெற்றுக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விலை எவ்வளவு என்று கணக்கிட உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. பஞ்சுக் கடையில் தொங்கிய வெள்ளிக்கோல் போதும். கோலைத் தாங்கும் கயிறு டிராக்டரின் பின்னச்சு. ஒரு கையில் எஞ்சினும் முன்சக்கரங்களும். மறு கையில் புல்வெட்டி. 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறு டிராக்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இருசக்கர விசையுள்ள டிராக்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பாரம் முன்னச்சிலும் மற்றது பின்னச்சிலும் நிற்கும். ஆகவே முன்னால் 400 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.8 மீட்டர். பின்னச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் தன் பாரமையம் அமைந்த 300 கிலோ புல்வெட்டியை இப்போது தூக்குகிறோம். முன்னச்சிலிருந்து அது பறித்துக்கொள்வது, முந்நூற்றை ஒன்றரையால் பெருக்கி ஒன்றேமுக்காலே சொச்சத்தால் வகுக்க, 250 கிலோ. முன்னால் எஞ்சியது 150. வெற்று டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் நின்றாக வேண்டும் என்று ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் கையேடுகள் விதிக்கின்றன. நம் டிராக்டருக்கு அது 240. ஆக, சமதரையிலேயே நாம் கடனாளி.

இதே டிராக்டர் 15 பாகைச் சரிவில், மூக்கு மேட்டை நோக்கியிருக்க, ஏறுகிறது என்று கொள்ளுங்கள். பாரமையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், முன்சக்கரங்களின்மேல் நிற்கும் பாரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன்: விடை, ஒன்றுமில்லை. சக்கரம் புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் அழுத்தாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், டிராக்டர் திரும்பாது. ஒரு கல் தடுக்கினாலும் கிளட்சைச் சற்று வெடுக்கென்று விட்டாலும் அதன்மேல் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் முன்பாரம் பிரவேசிக்கிறது. டிராக்டரின் மூக்கில், முன்னச்சுக்கும் முன்னால், ஒரு சட்டம்; அந்தச் சட்டத்தில் மாட்டத்தக்க வார்ப்பிரும்புக் கட்டிகள். கையில் தூக்கிச் செல்லும் பயணப்பெட்டியின் சாயலில், மேலே கைப்பிடியோடு வார்த்திருப்பதால் அமெரிக்கர்கள் இவற்றைச் 'சூட்கேஸ் எடை' என்கிறார்கள். 42, 70, 100 பவுண்டு என்ற அளவுகளில் அங்கே கடையில் கிடைக்கும். பெட்ரோல் தகரத்தின் சாயலைக் கண்ட ஆங்கிலேயர் 'ஜெரிகேன்' என்கிறார்கள். 20 கிலோ வீதம் ஆறு கட்டிகள், மொத்தம் 120 கிலோ, முன்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகின்றன என்றால், நெம்புகோலின் நியாயப்படி முன்னச்சு 120க்குப் பதிலாக 160 கிலோவை உணரும். அதிகப்படியான அந்த 40 கிலோ பின்னச்சிலிருந்து வந்தது. அதை மறந்துவிட வேண்டாம், பிறகு அதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. சமதரையில் முன்னால் இப்போது 310 கிலோ. முன்பு எடையற்றுத் தடவிக்கொண்டிருந்த அதே 15 பாகை ஏற்றத்தில் ஏறக்குறைய 140 கிலோ. சக்கரம் மண்ணைக் கடிக்கிறது. டிராக்டர் சொன்னபடி கேட்கிறது. இவையெல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள் என்பதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். உங்கள் டிராக்டருக்கு உரிய எண்ணை அறிய, புல்வெட்டியைத் தூக்கிய நிலையில் முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றி நிறுத்தி ஒரு சீட்டு வாங்கினால் போதும். ஒரு பக்கக் கணக்கைவிட அந்தச் சீட்டு உத்தமம்.

நான் தங்கியிருந்த வீட்டுக் குடியானவர் கணக்குப் போடுகிறவர் அல்லர். எழுபதை எட்டியவர், பழைய மாஸி ஃபெர்குசன் ஒன்று வைத்திருந்தார். டாப்பரை மாட்டிய காலையில் அவர் செய்தவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொட்டகைச் சுவரோரம் இருந்த இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தியபடி தூக்கிவந்து, சட்டத்தின் விளிம்பில் மேற்கொக்கியை மாட்டி, அடிப்பக்கத்தை மெல்ல உள்ளே ஊசலாட விட்டார். ஒன்றை மாட்டியபின் அடுத்ததை அதனோடு உராய்த்துக்கொண்டே செலுத்தும் சமயத்தில் இரண்டுக்கும் நடுவே விரல் அகப்பட்டால் நசுங்கிப்போகும். அவருடைய இடக்கை நடுவிரலில் நகம் இராத காரணத்தை அப்போது புரிந்துகொண்டேன். ஆறும் ஏறியபின், எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட தண்டு ஒன்றைச் செருகி, மரையை முடுக்கினார். தண்டில்லாமல் ஓட்டினால் சரிவில் பக்கவாட்டில் நழுவி ஒன்று விழும். விழுந்தது எங்கே போகும் என்று கேட்டேன். "முன்சக்கரத்தின் அடியில்தான் போகும், வேறெங்கே?" என்றார்.

பிறகு டிராக்டரில் ஏறி, கொட்டகை வாசலிலேயே டாப்பரை மேலே தூக்கிக் கீழே இறக்கி, முன் டயரின் பக்கச் சுவர் புடைப்பது கூடிக் குறைவதைக் குனிந்து பார்த்தார். டயர் நன்றாகப் புடைத்து நின்றால் பாரம் நிற்கிறது. தூக்கியதும் அது இளைத்துவிட்டால் பாரம் போதவில்லை. நான் முன்பே சொன்ன வண்டிக்காரர் நுகத்தைப் பார்த்த பார்வைக்கும் இந்தப் பார்வைக்கும் என்னால் வித்தியாசம் காண இயலவில்லை. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கோலை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் நிலம் முழுவதையும் நடந்து பார்க்கப் புறப்பட்டார்.

அந்த நடையில்தான் நான் முக்கியமானதொன்றைக் கற்றேன். குன்றின் இடுப்பில், சரிவுக்குக் குறுக்கே போகும் ஒரு பகுதியைக் காட்டி, "முன்னால் இன்னும் நாலு கட்டி மாட்டினால் இங்கே குறுக்காகவே ஓட்டிவிடலாமே?" என்று, என் படிப்பெல்லாம் துணைநிற்கிற தைரியத்தில் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது மூக்குக்குப் போட்ட பாரம். விலாவுக்கு அது என்ன செய்யும்?" என்றார்.

சபையோரே, முன்பாரம் பற்றி மக்களிடையே பரவியிருக்கும் பெரும் மயக்கம் இதுவே. பாரம் கூடினால் யந்திரம் அழுந்தி நிற்கும், அழுந்தி நின்றால் கவிழாது என்று எண்ணுகிறோம். பாரம் எங்கே கூடிற்று, எந்தத் திசைக் கவிழ்வுக்கு என்று கேட்பதில்லை. டிராக்டரின் முன்னச்சை நீங்கள் கவனித்திருப்பீர்கள்; அது உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. நடுவில் ஒரே முளையில் தொங்கி, மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இருபுறமும் ஊசலாடும். ஆகையால் பக்கவாட்டில் சாயத் தொடங்கும் டிராக்டருக்கு நான்கு கால்கள் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் நடுமுளை ஒன்றுமாக மூன்று கால்களே. அது நாற்காலி அன்று, முக்காலி. முக்காலியின் அகன்ற பக்கம் பின்னால். குறுகிய முனை முன்னால். முன்பாரம் ஏற ஏற, டிராக்டரின் பாரமையம் அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய முனையை நோக்கி நகருகிறது. நமது உதாரணத்தில் பின்சக்கரங்களின் அகலம் 1.4 மீட்டர் என்று கொண்டால், பாரமையத்திலிருந்து முக்காலியின் ஓரம் வரை முன்பு 63 சென்டிமீட்டர் இருந்தது, ஆறு கட்டிகள் ஏறியபின் 57 ஆகிறது. கட்டிகள் தாழ்வாகத் தொங்குவதால் பாரமையம் சற்றே இறங்குவது உண்மை. ஆனால் அந்த லாபம் இந்த நஷ்டத்தை ஈடுகட்டப் போதாது. கூட்டிக் கழித்தால், பக்கச் சாய்வுக்கு முன்பாரத்தால் விளைந்த ஆதாயம் ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுபவருடைய மனத்திலோ தைரியம் ஏறிவிட்டது. ஆறு கட்டி இரும்பைவிட அந்தத் தைரியம்தான் எனக்கு அச்சம் தருகிறது.

விலாவுக்கு என்ன வேண்டும்? அகலம் வேண்டும், தாழ்வு வேண்டும். சாம்பல் நிற ஃபெர்குசனில், பின்சக்கரத்தின் வட்டையையும் தட்டையும் வெவ்வேறு விதமாகத் திருப்பி மாட்டுவதன் மூலம் சக்கர அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாகக் கூட்டலாம். வரிசைப் பயிர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. சரிவில் ஓட்டுபவனுக்கு அதுவே பெரிய வரப்பிரசாதம். பின் டயர்களுக்குள் முக்கால் பங்கு வரை திரவம் நிரப்புவது இன்னொரு வழி. பாரம் முழுவதும் தரைக்கு அருகில் அமைந்துவிடுகிறது. உறைபனி விழும் நாடுகளில் வெறும் நீரை நிரப்ப முடியாதாகையால் கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றுகிறார்கள். கனமும் கூடும், உறையவும் உறையாது, ஆனால் டியூப் கசிந்தால் வட்டையைத் துரு தின்றுவிடும். மண் அள்ளும் தொட்டி முன்னால் பூட்டியிருக்கும் டிராக்டரில் அதில் கல்லை நிரப்பி முன்பாரமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. தொட்டி தரையை ஒட்டியிருக்கும் வரையில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பாறையைத் தாண்டும்போது கை தானாக அதைத் தூக்கும், பாரமையமும் கூடவே ஏறும்.

இவ்வளவும் செய்தபிறகும் குறுக்கே ஓட்டுவது கடைசிப் புகலிடமே. மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்மேல் ஏறி, கீழ்பக்கச் சக்கரம் முயல் வளையில் இறங்கினால், பத்துப் பாகைச் சரிவு ஒரு நொடியில் இருபது பாகையாகிவிடும். டிரம்லின் நாட்டில் முயல் வளைகளுக்குப் பஞ்சமில்லை. பெரியவர் கோலைக் கொண்டு நடந்தது அவற்றைக் குத்திப் பார்க்கத்தான். மேலும் கீழுமாக வெட்டுவதே முறை. அதிலும் கனத்த முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வாலில் டாப்பர் தொங்கும் டிராக்டருக்குக் கனத்த முனை வால். ஆகவே செங்குத்தான இடத்தில் பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்குவார்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சலித்துப்போகும் வேலை அது. அந்தச் சலிப்பைத் தவிர்க்கத்தான் பலர் கட்டி வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எவ்வளவு செங்குத்து என்று கண்ணால் மதிப்பிடுவதில் நாம் எல்லோரும் மோசக்காரர்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை ஒரு மீட்டர்ப் பலகையின்மேல் வைத்து, மேட்டுப் பக்க நுனி தரையில் பட, பலகை மட்டமாக நிற்கும்படி பிடித்து, மறு நுனியிலிருந்து தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்: 27 சென்டிமீட்டர் என்றால் 15 பாகை. தோட்டப் புல்வெளிகளில் ஏறியமர்ந்து ஓட்டும் சிறு யந்திரங்களின் கையேடுகள் பெரும்பாலும் அந்த எல்லையோடு நின்றுவிடச் சொல்கின்றன.

இனி, முன்பு நான் ஒதுக்கிவைத்த 40 கிலோவின் சங்கதி. ஏற்றத்தில் நண்பனாக இருந்த முன்பாரம் இறக்கத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இறக்கத்தில் பாரம் இயல்பாகவே முன்னால் சரிகிறது. முன்பாரம் அதற்குமேல் கொஞ்சம் பறிக்கிறது. பிரேக்கோ இளைத்துப்போன பின்சக்கரங்களில் இருக்கிறது. டாப்பர் வாலில் இருக்கும்வரை கவலையில்லை: நம் கணக்கில், 15 பாகை இறக்கத்தில் பின்னால் 1,100 கிலோவுக்குக் குறையாமல் அழுத்தம் இருக்கும். வேலை முடிந்து டாப்பரைக் கழற்றிப்போட்டு, கட்டிகளை மட்டும் சோம்பலினால் மூக்கிலேயே விட்டுவிட்டு அதே சரிவில் இறங்கினால் அது 600 சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. பனி ஈரம் பட்ட புல்லின்மேல் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், டிராக்டர் நிற்காது. நான்கு சக்கர விசையுள்ள டிராக்டர்களில் இறங்கும்போதும் முன்விசையைச் சேர்த்தே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். எஞ்சினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கிடைக்கிறது. ஏறத்தானே அது வேண்டும் என்று எண்ணி உச்சியில் அதை விலக்கிவிட்டு இறங்கத் தொடங்குபவர்கள் மிகப் பலர்.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. டிராக்டரில் இடப் பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலப் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு மிதிகள் இருக்கும். வயல் மூலையில் சட்டென்று திரும்புவதற்கு அந்த வசதி. இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு கொக்கி உண்டு. சரிவுக்குப் போகுமுன் பெரியவர் அந்தக் கொக்கியைக் காலால் தட்டி விழச் செய்தார். விழுந்த ஓசையைக் கேட்டபிறகே கியரைத் தொட்டார். கொக்கி விழாமல் இறக்கத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், நேரே இறங்கிக்கொண்டிருந்த டிராக்டர் குறுக்கே திரும்பி, எந்த விலாவைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டோமோ அதையே சரிவுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டுபவரின் தலைக்குமேல் வளைந்து நிற்கும் காப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். ஆனால் அது தனியொரு சொற்பொழிவுக்குரிய விஷயம். புதிய டிராக்டர்களில் அது இருந்தே தீர வேண்டும் என்று 1959இலேயே ஸ்வீடன் விதித்தது. பிரிட்டனில் 1970இல் அந்த விதி வந்தது. சட்டம் நிமிர்ந்திருந்தால் இடுப்புவாரைக் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டமே இல்லாத பழைய டிராக்டரில் வாரைக் கட்டிக்கொள்வது யந்திரத்தோடு நம்மைச் சேர்த்துக் கட்டிவிடுவதாகும். மரக்கிளை இடிக்கிறது என்று சட்டத்தை மடக்கிவிட்டு ஓட்டும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. கிளையை வெட்டுவது எளிது.

கட்டிகளை எவ்வளவு வரை ஏற்றலாம் என்ற கேள்வி மாணவர்கள் முகத்தில் தெரிகிறது. முன்னச்சும் முன் டயரும் தாங்கும் எல்லை கையேட்டில் இருக்கும். அதற்குமேல் போனால் நடுமுளையும் சக்கரத் தண்டும் தேயும், ஸ்டியரிங் கனக்கும், ஈர நிலத்தில் முன்சக்கரம் தடம் பதித்து மண்ணை இறுக்கிவிடும். மாட்டின் கழுத்துப் புண் என்று நான் தொடக்கத்தில் சொன்னேனே, அதுதான். தூக்கிய டாப்பர் பறித்துக்கொண்டதில், கையேடு கேட்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதையும், ஏற்றத்துக்கென்று அதற்குமேல் கொஞ்சமும் திருப்பிக் கொடுத்தால் போதுமானது.

அன்று மாலை வேலை முடிந்ததும் பெரியவர் டாப்பரைக் கழற்றுவதற்கு முன்னரே கொட்டகைக்குத் திரும்பினார். சமதரையில் நிறுத்தி, டாப்பரை இறக்கி, பிறகு நீண்ட தண்டை உருவி, கட்டிகளை ஏற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரம் வைத்தார். நாளையும் வெட்ட வேண்டியிருக்கிறதே, இருக்கட்டுமே என்றேன். நாளை காலையில் முதல் வேலை பால் தகரங்களை ஏற்றிக்கொண்டு சாலைக்கு இறங்குவது என்றார். குன்றின் செங்குத்தான முகத்தில், வேலியோரமாக, ஒரு மூலை மட்டும் கோரையும் முள்ளுமாக வெட்டப்படாமல் நின்றிருந்தது. அதை எப்போது வெட்டுவார் என்று கேட்க வாயெடுத்தேன். பகலில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தபோது அரிவாள் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் அந்த மூலையை நோக்கி ஏறிப்போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாய், பின்னால் ஏழெட்டுச் செம்மறிகள்.